கட்டுப்படியாகாத கிளிக்குகள்

இணையப் பக்கங்களின் ஓரங்களில் துடித்துக்கொண்டிருந்த விளம்பரப் பட்டைகளை என் தலைமுறை எளிதில் மறக்காது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிரவுசிங் சென்டர்களில் இணையம் பழகியவர்கள் நாங்கள். இந்தப் பக்கத்துக்கு வந்த பத்து லட்சமாவது ஆள் நீங்கள்தான் என்று வாழ்த்திய பேனர்கள், ஓடும் குரங்கைக் குத்தினால் பரிசு என்று அழைத்த பேனர்கள், மூடினால் அடியில் இன்னொன்றாக முளைத்த சன்னல்கள் எல்லாம் அந்தக் காலத்து இணைய அனுபவத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. பத்தாண்டு கழித்து அதே இடத்தில் தொப்பையைக் கரைக்கும் ஒரே ஒரு ரகசியமும், பற்களை வெளுப்பாக்கும் இல்லத்தரசியின் கைவைத்தியமும் வந்து உட்கார்ந்தன. இவற்றையெல்லாம் யாரோ சில ஏமாற்றுக்காரர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுவதுதான் நம் வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பதுதான் இங்கே நான் வைக்கும் வாதம். அந்த பேனர்களில் பலவற்றைப் பொருளைத் தயாரித்தவர் போடவில்லை. பிறர் பொருளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து, விற்றால் கமிஷன் வாங்கும் அஃபிலியேட் என்னும் இடையாள் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய இடம் அது. ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஒரு விற்பனைக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கும் அந்தத் தொழிலின் கணக்கே நேர்மையான வழியில் பெரும்பாலும் கட்டுப்படியாகாதது. கட்டுப்படியாகாத கணக்கை வகுத்துக் கொடுத்தவர்கள் அதன் விளைவுக்கும் பொறுப்பாளிகள்.

இந்தத் தொழில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஒன்றுசேர்ந்ததால் உண்டானது. முதலாவது, பார்வையை விற்பது. 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் வயர்டு இதழின் இணையப் பதிப்பான ஹாட்வயர்டு தொடங்கியபோது, 468-க்கு 60 பிக்ஸல் அளவில் பேனர்களை வெளியிட்டது. அவற்றில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர்தான் இன்றும் பேசப்படுகிறது. அதைக் கிளிக் செய்தவர்கள் அருங்காட்சியகங்களைச் சுற்றிக்காட்டும் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே யாரும் எதையும் விற்கவில்லை. பார்த்த நூறு பேரில் 44 பேர் அதைக் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். இரண்டாவது, விற்பனைக்குக் கமிஷன் கொடுப்பது. சிடிநௌ என்ற இசைத்தட்டுக் கடை 1994-லேயே அதைத் தொடங்கியிருந்தாலும், 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அது பரவியது. ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுபவர் அதற்கான இணைப்பையும் கொடுப்பார். வாசகர் அதன் வழியே வாங்கினால் எழுதியவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். இங்கே இடையாளுக்குச் செலவு என்று எதுவும் இல்லை. அவருடைய வாசகர்கள் அவரை நம்பி வந்தவர்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இரண்டும் தொழில்மயமாயின. ஆயிரக்கணக்கான தளங்களின் காலி இடங்களை ஒன்றுதிரட்டி மொத்தமாக விற்க டபுள்கிளிக் போன்ற நெட்வொர்க்குகள் வந்தன. ஆயிரக்கணக்கான கமிஷன் திட்டங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தர லிங்க்‌ஷேர், கமிஷன் ஜங்ஷன், கிளிக்பேங்க் ஆகியவை வந்தன. 2003-ல் கூகுள் தன் ஆட்சென்ஸ் வழியாகச் சிறு தளங்களின் ஓரங்களையும் இந்தச் சந்தைக்குள் இழுத்தது. இப்போது சொந்தத் தளமோ, வாசகரோ, எழுத்தோ எதுவும் இல்லாத ஒருவர்கூட ஒரு பக்கம் இடத்தை வாங்கி மறுபக்கம் கமிஷனுக்கு விற்கலாம் என்றானது. முன்பின் தெரியாத வாசகரின் கண்ணைக் காசு கொடுத்து வாங்குவதும், அந்தக் கண்ணைக் கடைக்குத் திருப்பிவிட்டுக் காசு பார்ப்பதும் ஒரே ஆளின் தொழிலாயிற்று. இந்த இணைப்பு நடந்த சமயத்திலேயே பேனரின் வலிமை வடிந்துகொண்டிருந்தது. 1998-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பக்கத்தில் பேனர்போல் தோன்றும் எதையும் மக்களின் கண் தாண்டிப் போய்விடுகிறது என்பதைச் சோதனையில் காட்டினார்கள். தேடிவந்த செய்தியே பேனர் வடிவில் இருந்தால்கூட அதையும் தவறவிட்டார்கள். நூற்றுக்கு 44 என்று தொடங்கிய கிளிக் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குச் சரிந்தது.

இந்தச் சரிவை வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் என்று ஓர் அஃபிலியேட் இடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் ஒருவர் கிளிக் செய்கிறார். அப்படியானால் ஒரு கிளிக்கின் அடக்கவிலை 2 டாலர். கிளிக் செய்து வருபவர்களில் 50 பேருக்கு ஒருவர் வாங்குகிறார் என்பது அறிமுகமில்லாத பொருளுக்குத் தாராளமான மதிப்பீடுதான். அந்த ஒரு விற்பனையைப் பிடிக்க அவருக்கு ஆன செலவு 100 டாலர். இனி வரவைப் பார்க்கலாம். 50 டாலர் பொருளுக்கு 5 சதவீதக் கமிஷன் என்றால் கிடைப்பது இரண்டரை டாலர். போட்டதில் நாற்பதில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. படத்தை மாற்றி, வாசகத்தை மாற்றி, எந்த ஊர், எந்த வயது, எந்த நேரம் என்று சலித்தெடுத்து ஒருவர் இந்த நிலையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ மேம்படுத்தலாம். நேர்மையான திறமைக்கு அந்த அளவு ஆற்றல் உண்டு. நாற்பது மடங்கு இடைவெளியை அடைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. எனவே இந்தத் தொழிலில் தாக்குப்பிடித்தவர்கள் வேறு வழிகளைத் தேடியாக வேண்டியிருந்தது. மிகப் பெரிய கமிஷன் தரும் பொருளைத் தேடலாம். கிளிக்கையும் வாங்குதலையும் சாதாரண விளம்பரத்தால் எட்ட முடியாத உயரத்துக்கு ஏற்றலாம். அல்லது வேறு யாரோ உண்டாக்கிய விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வழிகளும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளில் தெளிவான சான்று இருக்கிறது. 2010-11 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தின் லீன்ஸ்பா என்ற நிறுவனம் அசாய் பெர்ரி பழத்தின் பெயரால் எடைகுறைப்பு மாத்திரைகளை விற்றது. அனுப்பும் செலவாகச் சில டாலர் மட்டும் கட்டினால் போதும், மாத்திரை இலவச மாதிரி என்பது அதன் அழைப்பு. கார்டு எண்ணைக் கொடுத்தவர்களில் பலரிடம் பிறகு அந்த மாதிரிக்கே சுமார் 80 டாலர் பிடிக்கப்பட்டது; அதன்பின் மாதாமாதம் மாத்திரையும் வந்தது, பணமும் போனது, நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது. ஆள் சேர்க்கும் வேலையை லீட்கிளிக் என்ற அஃபிலியேட் நெட்வொர்க் ஏற்றது. இலவச மாதிரிக்கு ஒருவர் பதிவு செய்தால் லீன்ஸ்பா கொடுத்தது பெரும்பாலும் 35 முதல் 45 டாலர். அதில் பெரும்பங்கு அந்த ஆளைப் பிடித்த அஃபிலியேட்டுக்குப் போனது. பெயருக்கு இலவசமான ஒன்றுக்கு இத்தனை பெரிய கமிஷன் எங்கிருந்து வரும்? வாடிக்கையாளர் அறியாமல் அவருடைய கார்டிலிருந்து பின்னால் எடுக்கப்போகும் பணத்திலிருந்துதான் வர முடியும். கமிஷனின் அளவிலேயே மோசடியின் தடம் இருந்தது என்று சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாங்கும் நெட்வொர்க்குக்கும் அஃபிலியேட்டுக்கும் அந்தத் தொகை கண்ணெதிரே இருந்தது.

அப்படியும் கணக்கு எளிதில் நேராகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேலே போட்ட கணக்கில் ஒரு ஆளைப் பிடிக்க 100 டாலர் ஆனது. அஃபிலியேட்டின் கைக்கு வருவது 34 டாலர் என்று வைத்தாலும் நஷ்டம்தான். கிளிக்கும் பதிவும் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கானால் செலவு 25 டாலராக இறங்கி, ஆளுக்கு 9 டாலர் லாபம் நிற்கும். அந்த இரண்டு மடங்கைத் தந்தவை போலிச் செய்தித் தளங்கள். தொலைக்காட்சிச் செய்தி நிறுவனத்தின் தளம்போலப் பெயர், முத்திரை, தேதி. நிருபர் ஒருவர் தானே மாத்திரையைச் சாப்பிட்டு இளைத்ததாக எழுதிய நேரடி அறிக்கை. கீழே வாசகர்கள் எழுதியதாகக் காட்டிய பாராட்டுகள். நிருபர் இல்லை, சோதனை இல்லை, அந்த வாசகர்களும் இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட தளங்களை நடத்திய 10 தரப்பினர்மீது ஒரே சமயத்தில் நீதிமன்றம் போனது. பத்துத் தரப்பினரும் ஒருவரையொருவர் பார்த்துத் தற்செயலாகக் கெட்டுப்போனவர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரே கணக்கு எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே விடை கிடைத்தது.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது பேனர்களின் பங்கு. லீட்கிளிக் தன் அஃபிலியேட்டுகளுக்குக் கமிஷன் பட்டுவாடா செய்வதோடு நிற்கவில்லை. உண்மையான செய்தித் தளங்களில் விளம்பர இடத்தை அதுவே வாங்கி, விலையை ஏற்றி, போலிச் செய்தித் தளங்களை நடத்தியவர்களுக்கு விற்றது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாசகி நம்பகமான செய்தித் தளத்தில் உண்மையான செய்தி ஒன்றைப் படிக்கிறார். ஓரத்தில் ஒரு பேனர். கிளிக் செய்தால் இன்னொரு செய்தித் தளம்போலத் தோன்றும் பக்கம். செய்தி படிக்கும் மனநிலையிலேயே அவர் அங்கே போய்ச் சேருகிறார். முந்தைய பக்கத்தின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவரோடு கூடவே கடந்து போகிறது. அந்த நம்பிக்கையைப் பல ஆண்டு உழைப்பில் சேர்த்த செய்தியாளர்களுக்குத் தங்கள் பெயர் இதற்குப் பயன்படுவது தெரியாது. விளம்பர இடம் நெட்வொர்க் வழியே விற்கப்படுவதால், வாங்கியது யார் என்பதும் பெரும்பாலும் தெரியாது. பேனர் இடங்களைத் திரட்டி விற்கும் டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற ஏற்பாடு இந்த அறியாமையைத்தான் வசதியாகவும் வேகமாகவும் மாற்றித் தந்தது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் முதலில் எடுப்பது, எந்தத் தொழிலிலும் சில கெட்டவர்கள் இருப்பார்கள், அவர்களைப் பிடித்து வெளியேற்றினால் போதும் என்ற வாதம். லீட்கிளிக்கும் நீதிமன்றத்தில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: தளங்களை எழுதியது நாங்கள் அல்ல, அஃபிலியேட்டுகள், பிறர் எழுதியதற்கு இடைநிற்பவர்களைப் பொறுப்பாக்கக்கூடாது என்ற இணையச் சட்டப் பாதுகாப்பு எங்களுக்கும் உண்டு. 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைத் தர மறுத்தது. போலிச் செய்தித் தளங்கள் தன் அஃபிலியேட்டுகளிடையே பரவலாக இருப்பது லீட்கிளிக்குக்குத் தெரியும். சில பக்கங்களின் வாசகங்களைத் திருத்தச் சொன்னதே அதன் ஊழியர்கள்தான். யாரை வைத்துக்கொள்வது, யாரை விலக்குவது என்ற அதிகாரமும் அதன் கையில்தான் இருந்தது என்பது நீதிமன்றத்தின் வாசிப்பு. லீன்ஸ்பாவிடமிருந்து பெற்ற சுமார் 1.19 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பு நிலைத்தது. அறிந்திருப்பதும், தடுக்கும் அதிகாரம் இருப்பதும் சேர்ந்தால் பொறுப்பு வரும் என்ற இந்த அளவுகோல் நியாயமானது என்றே கருதுகிறேன். சில கெட்டவர்கள் என்ற வாதம் தோற்பது இங்கேதான். ஒருவரை வெளியேற்றினால் அதே கமிஷனும் அதே பார்வை விலையும் அடுத்தவருக்காகக் காத்திருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. விளம்பர வகைகளிலேயே கமிஷன்முறைதான் நேர்மையானது, விற்றால்தான் காசு, வீண்செலவே கிடையாது என்பார்கள். விற்பனை நடந்தது என்பது உண்மை. அதை நடத்தியது யார் என்பதுதான் கேள்வி. அதற்கு இந்தத் தொழில் தரும் விடை உலாவியில் பதியும் குக்கி என்ற சிறு குறிப்பு. வாங்குவதற்கு முன் கடைசியாக யாருடைய குக்கி பதிந்ததோ அவருக்குக் கமிஷன். இந்த விதி இருக்கும் இடத்தில், ஆளைச் சம்மதிக்க வைப்பதைவிட ஏற்கெனவே சம்மதித்த ஆளின்மேல் தன் குக்கியைப் பதிப்பது மலிவு. நான் முன்பு சொன்ன மூன்றாவது வழி இதுதான். ஈபே நிறுவனத்தின் மிகப் பெரிய அஃபிலியேட்டுகளாக விளங்கிய இருவர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பக்கத்தில் மறைத்துவைத்த நிரல் வழியாக ஈபே குக்கிகளைப் பார்வையாளர்களின் கணினிகளில் திணித்தார்கள். ஈபேயில் வழக்கமாக வாங்குபவர்கள் வழக்கம்போல வாங்கினார்கள். கமிஷன் இவர்களுக்குப் போனது, அதுவும் பல மில்லியன் டாலர் கணக்கில். 2014-ல் இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் செய்தது குற்றம், ஐயமில்லை. ஆனால் கடையின் பக்கத்தில் ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வெளியேறியவரை ஊரெல்லாம் துரத்தி அதே செருப்பின் படத்தைக் காட்டி, அவர் கடைசியில் வாங்கும்போது அது என்னால் நடந்தது என்று கமிஷன் கேட்பது சட்டப்படி குற்றம் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அளவு வேறுபாடு மட்டும்தானோ என்ற கேள்வியை நெட்வொர்க்குகள் தங்களிடம் கேட்டுக்கொள்வதில்லை.

டிஸ்ப்ளே விளம்பரம் பயனற்றது என்று நான் சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளக்கூடாது. அதற்கு எதிரான நல்ல சான்று உண்டு, அதை மறைப்பது முறையல்ல. பொருளியலாளர்கள் ராண்டல் லூயிஸும் டேவிட் ரைலியும் யாஹூவில் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்துக்காக 16 லட்சம் வாடிக்கையாளர்களை வைத்து நடத்திய சோதனை 2014-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு விளம்பரம் காட்டி, மற்றவர்களுக்குக் காட்டாமல் விட்டு ஒப்பிட்டபோது, காட்டப்பட்டவர்களின் கொள்முதல் சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. அந்தக் கூடுதலில் 93 சதவீதம் இணையத்தில் நடக்கவில்லை, தெருக்கடைகளில் நடந்தது. 78 சதவீதம் விளம்பரத்தை ஒருமுறைகூடக் கிளிக் செய்யாதவர்களிடமிருந்து வந்தது. இந்த முடிவு என் வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றும். உண்மையில் அதை உறுதிப்படுத்துகிறது. பேனர் வேலை செய்கிறது. ஆனால் பெயரை மனத்தில் பதித்து, மெல்ல, கிளிக்கோடு தொடர்பில்லாத வழியில் வேலை செய்கிறது. அந்தப் பலன் பொருளுக்குச் சொந்தக்காரரான நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். கிளிக்குக்கும் குக்கிக்கும் மட்டும் கூலி பெறும் அஃபிலியேட்டுக்கு அதில் ஒரு காசும் வராது. பேனரின் உண்மையான பலம் அவருக்குப் பயன்படாத பலம். அதன் பலவீனத்தை நம்பித்தான் அவர் பிழைக்க வேண்டியிருக்கிறது. கிளிக் இல்லாமல் பார்த்ததற்கே கமிஷன் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சில நெட்வொர்க்குகள் முயன்றன. யார் கண்ணிலும் படாத பேனர்களைக் கோடிக்கணக்கில் ஓடவிட்டுக் குக்கி பதிப்பவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. பேனர்களில் 56.1 சதவீதம் திரையில் பார்க்கத்தக்க நிலைக்கே வரவில்லை என்று 2014-ல் கூகுளே வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, எனக்கு மிகவும் கடினமானது அதுதான். இந்தப் பணத்தில்தான் இலவச இணையம் ஓடுகிறது. அஃபிலியேட்டுகளை நெருக்கினால் அவர்கள் வாங்கும் இடங்கள் காலியாகும். முதலில் சாவது சிறு பதிப்பாளர்கள். தமிழ்ப் பதிப்பாளர்களையும் இது தொடும். 2018 பிப்ரவரியில்தான் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது. அதற்குப் பிறகே தமிழில் எழுதும் சிறு தளங்களுக்கு இந்த வருமானம் முறையாகத் திறந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் இடத்தை நிரப்பும் பணம் எல்லாம் ஒரே தரத்துப் பணம் அல்ல. 2017-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, தன் விளம்பரங்கள் ஏறத்தாழ 4 லட்சம் தளங்களில் ஓடுவதைக் கண்டு, கையால் தேர்ந்தெடுத்த சுமார் 5 ஆயிரம் தளங்களாகச் சுருக்கியது. பலனில் பெரிய மாற்றம் எதையும் அது காணவில்லை. அதே ஆண்டில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரத்தைக் குறைத்தும் விற்பனை வளர்ச்சி தளரவில்லை. பெரிய நிறுவனங்கள் இப்படித் தேர்ந்த தளங்களுக்கு விலகிப் போனால், தேர்ந்தெடுக்கப்படாத தளங்களின் ஓரங்கள் மலிவாகும். மலிவான இடம்தான் மேலே சொன்ன கணக்கைப் போடும் அஃபிலியேட்டின் வேட்டைக்களம். ஆகவே சிறு பதிப்பாளரை இந்தப் பணம் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. அவருடைய பக்கத்தை மற்ற விளம்பரதாரர்கள் நெருங்கத் தயங்கும் இடமாக ஆக்குவதும் இதே பணம்தான்.

கமிஷன் வருமானம் நேர்மையாக வளர முடியாது என்று சொல்வோருக்கும் நான் உடன்படவில்லை. லீட்கிளிக் தீர்ப்பு வந்த அடுத்த மாதம், 2016 அக்டோபரில், நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வயர்கட்டர் தளத்தை 3 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-ல் பிரையன் லாம் தொடங்கிய அந்தத் தளம் பொருள்களைச் சோதித்துப் பார்த்து எதை வாங்கலாம் என்று எழுதியது. வருமானத்தின் முதுகெலும்பு அஃபிலியேட் கமிஷன். 2015-ல் அதன் வழியே நடந்த விற்பனை மட்டும் 15 கோடி டாலர் மதிப்பு. அங்கே வாசகர் ஏற்கெனவே வாங்கும் எண்ணத்தோடு தானாக வந்தவர். அவருடைய கண்ணை யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எனவே இரண்டரை டாலர் கமிஷன்கூட அங்கே லாபம். செலவு வேறு வடிவில் உண்டு. பொருளை வாங்கி, பயன்படுத்தி, ஒப்பிட்டு, எழுதும் உழைப்பு அது. அந்த உழைப்பே அடுத்த முறையும் வாசகரை அழைத்துவருகிறது. டிஸ்ப்ளே நெட்வொர்க்கில் வாங்கிய கண்ணுக்கு அடுத்த முறை என்பதே இல்லை. இன்று ஏமாந்தவர் நாளை திரும்பி வரப்போவதில்லை என்பதால் அவரை மதிப்பதற்கு அஃபிலியேட்டுக்குக் காரணமும் இல்லை. ஒரே கமிஷன்முறை இரண்டு இடங்களில் இரண்டு குணங்களோடு நடந்துகொள்வதன் காரணம் மனிதர்களில் இல்லை, பார்வை எப்படிக் கிடைத்தது என்பதில் இருக்கிறது.

இந்தியாவில் சட்டத்தின் மொழி இப்போது இதற்கு அருகில் வந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளையும், 2023 நவம்பரில் இணையத் தளங்களின் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான நெறிகளையும் வெளியிட்டது. பிந்தையதில் பட்டியலிட்ட 13 வகைகளில், செய்திபோல வேடமிட்ட விளம்பரமும் வெளியேற விடாத சந்தாப் பொறியும் இருக்கின்றன. லீன்ஸ்பாவின் இரு கைகளும் அவைதாம். ஆனால் பக்கத்தில் காணப்படுவதைத் தடைசெய்வதால் மட்டும் பக்கத்துக்குப் பின்னால் ஓடும் கமிஷன் நின்றுவிடாது.

ஆயிரக்கணக்கான அஃபிலியேட்டுகளை ஒரு நெட்வொர்க் எப்படிக் கண்காணிக்கும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் எண் வைத்து, எந்த பேனரிலிருந்து, எந்த நிமிடத்தில், எந்த ஊரிலிருந்து வந்தது என்று பதிந்து, அதன்படி பைசா சுத்தமாகப் பட்டுவாடா செய்பவர்கள் அவர்கள். எந்த அஃபிலியேட் பிடித்துக்கொடுத்த வாடிக்கையாளர்கள் மறுமாதமே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், எத்தனை பேர் வங்கியில் புகார் கொடுத்தார்கள் என்ற தகவலும் பணம் கொடுக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும் பக்கத்தை அடையாளம் காண யாரும் அதைத் திறந்து படிக்கக்கூட வேண்டாம். கமிஷனைத் தாமதமாகக் கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்ற பேச்சுக்கும் அமேசானே பதில். ஒரு மாதத்தில் ஈட்டிய கமிஷனை அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் அது கொடுக்கிறது, திரும்பி வந்த பொருளுக்குரிய கமிஷனைக் கழித்துக்கொண்டு. இலவச மாதிரி என்று சேர்க்கப்பட்டவரின் கார்டில் முதல் முழுத்தொகை பிடிக்கப்பட்டு, அவர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட பிறகே அஃபிலியேட்டுக்குக் கமிஷன் என்று நெட்வொர்க்குகள் ஒரே ஒரு விதி வகுத்தால், போலி நிருபரின் பக்கத்துக்காக ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் போட எந்த அஃபிலியேட்டுக்கும் கணக்கு இடம் கொடுக்காது.